தரணீஷ் ஆடிக்கொண்டிருக்கிறார்

"ஆறு பேருக்கு மேல கூடாதாம். எல்லாரும் ஒரே வீட்டுல இருக்கோணுமாம். செத்தாக்கூட அடுத்தவங்களுக்குக் கொடுக்கக் கூடாதாம். இது எந்த ஊர் நியாயம்ங்கம்மா?"

வந்ததும் வராததுமாகச் சென்னியப்பன் இப்படித்தான் ஆரம்பித்தார். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

கனகவல்லி கரட்டுக் குன்றின் அடியில், தன் கொட்டகை வாசலில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். குரு என்றதும் நரைத்த தாடியைத் தேடிவருகிறவர்களுக்கு அவளைப் பார்த்தவுடன் முகம் தொங்கிப்போகும். வயது நாற்பதுதான். சென்னியப்பனைவிடப் பதினாறு வயது இளையவள். ஆனாலும் மனைவி இறந்ததிலிருந்து பத்து வருஷம், அமாவாசை தவறாமல் அவர் அவளிடம்தான் வந்து உட்கார்ந்தார். மகன் போன பிறகு எட்டிப் பார்க்கவில்லை. பதினைந்து மாதமாகிறது.

"உட்காருங்க. எதைச் சொல்றீங்க?"

"தரணீஷோட விளையாட்டுங்க."

தரணீஷ் அந்த மகன். போன வருஷம் பங்குனியில் பைபாஸில் லாரி மோதிவிட்டது. இருபத்து நாலு வயது. வேலைக்குப் போன நாளிலிருந்து கம்ப்யூட்டர் விளையாட்டாக வாங்கிக் குவித்திருந்தான். கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் கிடையாது. எல்லாம் அவன் பெயரில் ஒரு கணக்குக்குள் இருந்தன. குடும்பம் என்று சொல்லி ஆறு பேர் பகிர்ந்துகொள்ளக் கம்பெனி இடம் கொடுத்திருந்தது. அப்பா, தங்கை, சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேர் என்று எல்லோரையும் சேர்த்துவிட்டிருந்தான். சட்டதிட்டத்தைப் படித்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கிற பிள்ளை இல்லை அவன்.

"கட்டில் வாங்கினா அது வீட்டுக்கு ஆகுது. சைக்கிள் வாங்கினா தம்பி ஓட்டறான். அவன் சம்பாதிச்சு வாங்கினது, இது மட்டும் ஏன் ஆளோட போகோணும்?"

"போகக் கூடாதுதான்" என்றாள் கனகவல்லி.

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு இது ஏமாற்றமாகப் போய்விட்டது.

"அந்த மூணு பசங்களும் ஆடறாங்களா?"

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"அவங்கள நீக்கிட்டனுங்க. ஒருத்தன் கள்ள ஆட்டம் ஆடினாக் கணக்கையே பூட்டிப்போடுவானாம். எதுக்கு வம்பு?"

"பொண்ணு?"

"நேத்ரா இருக்கறாளுங்க."

"அவ ஆடறாளா?"

"ஆடுவா. நான் இல்லாத நேரத்துல."

மீதியை ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கவேண்டியிருந்தது.

மில் விட்டு வந்ததும் மகனின் அறைக்குள் போய்விடுவார். மகன் பெயரில் உள்ளே நுழைவார். ஆடத் தெரியாது. அவன் கடைசியாக விட்டுப்போன விளையாட்டில் ஒரு குதிரை நின்றது. அதை ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டுவார். திருப்பிக் கொண்டுவந்து கட்டுவார். மறுபடியும் ஓட்டிப்போவார். நேத்ரா சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவாள்.

ஒரு விளையாட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம் என்பது கம்பெனியின் இன்னொரு சட்டம். நேத்ரா தன்னுடைய திரையில் அதைத் திறந்தால், 'தரணீஷ் ஆடிக்கொண்டிருக்கிறார், பிறகு முயலவும்' என்று வரும்.

"ஒருநாள் கதவைத் தட்டினா. 'அப்பா, ஒரு மணி நேரம் நான் ஆடிக்கறேன்'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அண்ணன் ஆடிட்டிருக்கறான், அப்புறமா வான்னுட்டேன்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி. இப்ப என்ன வந்திருக்குது?"

போனை நீட்டினார். கணக்குக்கு உரியவர் யார் என்று உறுதி செய்யவேண்டுமாம். இரண்டு கட்டங்கள் இருந்தன. 'உரியவர் நானே' என்பது ஒன்று. 'உரியவர் இறந்துவிட்டார்' என்பது மற்றொன்று. இரண்டாவதைத் தொட்டால் எல்லாம் மூடிவிடும். குதிரையும் போய்விடும். இன்றைக்குத்தான் கடைசி நாள்.

"பொய் சொல்லட்டுமான்னு கேக்க வரலீங்க. சட்டம் சரியா தப்பா, அத மட்டும் சொல்லிப்போடுங்க."

அவர் கேட்க வந்தது பொய் சொல்லட்டுமா என்பதைத்தான்.

"சட்டம் தப்புதான். மொதக் கட்டத்தைத் தொடுங்க" என்றாள் கனகவல்லி.

"நெசமாலுமா?"

"தொடுங்க."

தொட்டார். 'நன்றி, தரணீஷ்' என்று வந்தது. பதினைந்து மாதத்தில் முதன்முறையாகச் சென்னியப்பனுக்கு நெஞ்சுப் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கனகவல்லி கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வா கண்ணு. வெய்யில்ல உக்காந்திருக்கற பாரு. இப்படி நெழலுக்கு வா."

ஐம்பத்தாறு வயது மனிதருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அவரை நீ என்றதில்லை.

"அம்மா, நான் சென்னியப்பனுங்க."

"அவரத் தெரியும் தரணீஷ். அமாவாசைக்கு அமாவாசை வருவாரு. நல்ல மனுசன். எப்பத் தவறினாரு?"

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார்.

"போன வருஷம் பங்குனியில" என்றார். எப்படி அதைச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அடப் பாவமே. தாயில்லாப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சே. இப்பத் தகப்பனும் இல்லாம அது என்ன பண்ணுது? எத்தனாவது படிக்குது?"

"பதினொண்ணுங்க."

சொன்ன பிறகுதான் தப்பு தெரிந்தது.

பதினொன்று என்பது தரணீஷ் செத்த வருஷத்துக் கணக்கு. நேத்ரா பன்னிரண்டாவது பரீட்சையையே எழுதி முடித்துவிட்டாள். மார்க்கு வந்துகூட ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் ஒரு லட்டு இருந்ததும், திரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தின்றதும் ஞாபகம் வந்தன.

எதற்கு லட்டு என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

"எத்தனை மார்க்குன்னு தெரியலீங்க" என்றார்.

"உனக்கெப்படிக் கண்ணு தெரியும்?" என்றாள் கனகவல்லி. "அப்பா உசுரோட இருந்திருந்தாக் கேட்டிருப்பாரு."