மருத மரத்தடிப் பாறை

ஒரு காட்டில், ஓடைக்கரை மருத மரத்தடியில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து வழக்குத் தீர்த்து வந்தது ஓர் உடும்பு.

ஆண்டுக்கு ஒருநாள் விலங்குகளெல்லாம் அங்கே கூடும். உடும்பே நீடிக்கட்டும் என்பவை பாறைமேல் பச்சை இலை போடும். வேண்டாம் என்பவை சருகு போடும். எது அதிகமோ அதுவே முடிவு.

ஓர் ஆண்டு, இலை நாளுக்கு முதல்நாள் முள்ளம்பன்றி அழுதுகொண்டு வந்தது.

"ஐயா, கிழங்குக்காகக் காட்டுப்பன்றிகள் என் வளையைத் தோண்டிப் போட்டுவிட்டன. குட்டிகளோடு வெட்டவெளியில் கிடக்கிறேன்."

உடும்பு போய்ப் பார்த்தது. மண்ணெல்லாம் பன்றிக் குளம்படி.

"தோண்டியவர்களே புது வளை தோண்டிக் கொடுக்க வேண்டும்" என்றது.

அந்தப் பாறைமேல் ஒரு கண் வைத்திருந்த மரநாய் சிரித்தது. "பன்றிகள் நாற்பது, அண்ணே! நாற்பது சருகு இப்போதே விழுந்த மாதிரிதான். வேறு கல்லைப் பாருங்கள்!"

 வெயிலேறிய அந்தப் பாறையின் கதகதப்பு உடும்புக்கு உயிர். ஆனாலும் சொன்ன தீர்ப்பை மாற்றவில்லை.

மறுநாள் பன்றிகள் வாயில் சருகோடு வரிசையில் நின்றன. மரநாய் மரமேறிக் கூவியது: "என்னை உட்கார வையுங்கள்! பெரிய கூட்டத்தின் மனம் கோணாமல் தீர்ப்புச் சொல்வேன்!"

பன்றிகளின் தலைவி சருகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. "நல்லதப்பா. எங்கள் சேற்றுக் குட்டையை யானைகள் மிதித்து நாசமாக்கிவிட்டன. அந்த வழக்கில் என்ன சொல்வாய்?"

மரநாய் திரும்பிப் பார்த்தது. பின்னால் யானைகள் நின்றன. அதன் குரல் இறங்கிவிட்டது.

"அவங்க பெரியவங்க அக்கா... ஒரு குட்டைதானே, விட்டுக்கொடுத்துப் போங்களேன்."

"தூ!" என்றது தலைவி. சருகை மிதித்துவிட்டுப் புதருக்குப் போய்ப் பச்சை இலையைக் கடித்து வந்தது. மற்ற பன்றிகளும் அப்படியே செய்தன.

பாறையெல்லாம் பச்சையாகிவிட்டது.

"ராத்திரியெல்லாம் முள்ளம்பன்றிக்கு வளை தோண்டி என் மூக்கே தேய்ந்துபோச்சு, உடும்பய்யா. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை" என்றது தலைவி. "சரி, எங்கள் குட்டை வழக்கு எப்போது?"

"நாளைக்கு. யானைகள் சொல்வதையும் கேட்பேன்" என்றது உடும்பு. பிறகு இலைகளை ஒதுக்கிவிட்டு, சூடான பாறையில் வயிறு படப் படுத்துக்கொண்டது.

நீதி: நம் தவற்றை நம் முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்தவரே, நமக்காகவும் நியாயம் பேசுவார்.