கடைசிக் குடிலின் வோல்டேஜ்

வேதநாயகி அம்மையின் ஆசிரமத்தில் ஒவ்வொரு குடிலின் கூரையிலும் சோலார் தகடு உண்டு. எல்லாக் குடில்களுக்கும் ஒரே கம்பி. உச்சி வெயிலில் அத்தனை தகடுகளும் போட்டி போட்டுக்கொண்டு அந்தக் கம்பியில் மின்சாரத்தைக் கொட்டும். கம்பியின் கோடியில் வோல்டேஜ் எகிறும். கோடிக் குடில் செவந்தியுடையது. அங்கே தகட்டு மின்சாரத்தை வீட்டுக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பயந்துபோய் மின்சாரத்தையே நிறுத்திவிடும். ஃபிரிட்ஜில் அவளுடைய இன்சுலின் கெட்டுப்போகும்.

மின்வாரியத்தில் தலை நரைத்தபின் அம்மையிடம் சீடராக வந்தவர் குழந்தைவேலு. அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர். தன் அறையில் ஒரு பெட்டி வைத்தார். எந்தக் குடில் எவ்வளவு கொட்டலாம் என்று அந்தப் பெட்டி உத்தரவு போடும். அணில் ஒயரைக் கடிக்கும்வரை நன்றாகத்தான் ஓடியது. அன்று பெட்டி ஊமையாகிவிட, எல்லா இன்வெர்ட்டர்களும் பழைய உத்தரவையே பிடித்துக்கொண்டு கொட்டித் தள்ளின. செவந்தியின் மருந்து மறுபடியும் குப்பைக்குப் போனது.

"இன்னும் பெரிய பெட்டியா வைக்கட்டுமா, அம்மா?"

"மழை வருது. முதல்ல வெளியே வாங்க."

முற்றத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிறவர்கள் தலைக்கு மேல் ஒரு நீளத் தார்ப்பாயைச் சிலர் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"நீங்க படியில நின்னு உத்தரவு போடுங்க" என்ற அம்மை, பாய் பிடித்தவர்களிடம் திரும்பினார். "ஐயா சொல்லாம யாரும் கையை அசைக்காதீங்க."

குழந்தைவேலு கண்ணை இடுக்கிப் பார்த்தார். நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது.

"கோமதி, தூக்கும்மா."

நடுவில் பிடித்திருந்த கோமதி தூக்குவதற்குள் தண்ணீர் சரிந்து ஒருவர் இலையில் கொட்டியது.

"ரசம் போதும் ஐயா, நிறுத்திக்கோங்க" என்றார் அவர்.

பந்தி சிரித்தது. குழந்தைவேலு சிரிக்கவில்லை.

"வாயை மூடிட்டு நீங்களும் போய்ப் பிடிங்க" என்றார் அம்மை. "இனிமே அவங்கவங்க கைக்குத் தெரிஞ்சபடி."

கோடியில் நின்ற செவந்திக்குப் பக்கத்தில் போய்ப் பிடித்தார். கனம் கூடியது, கை தானாக மேலே போனது. வரிசை முழுக்க அப்படித்தான். கனத்த இடத்தில் கை எழ, தண்ணீர் ஓடி வெளியே வடிந்தது. அதன்பின் ஓர் இலையும் நனையவில்லை.

மழை விட்டது.

"புரிஞ்சுது, அம்மா. ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் வாசல் வோல்டேஜைத் தானே பார்த்துக் குறைச்சுக்கட்டும். பெட்டியே வேண்டாம்."

"அவ்வளவுதானா?"

குழந்தைவேலு திரும்பிப் பார்த்தார். எல்லோரும் தள்ளிவிட்ட தண்ணீர் செவந்தியின் மூலை வழியாகத்தான் இறங்கியிருந்தது. அவள் தொப்பலாக நனைந்து, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வோல்டேஜ் ஏறுறது கோடியிலதானே, அம்மா. அப்போ எந்நாளும் அவ குடில்தான் அதிகமா விட்டுக்கொடுக்கணும். இது என்ன நியாயம்?"

"கை வலிச்சுதாமா அவளுக்கு?"

"வலிச்சிருக்கும்."

"பக்கத்துலதானே நின்னீங்க. கேட்டீங்களா?"