மூடி வச்ச ஊத்து

தண்ணி குடிச்சுட்டுச் செம்பை மூடலைன்னு நான் சத்தம் போட்டதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கியாக்கும்? சரி, திரும்பியே படு. ஒரு காது இந்தப் பக்கம்தானே இருக்கு. நடுநடுவுல "ம்" மட்டும் கொட்டணும். கொட்டலைன்னா கதை பாதியில நின்னுரும், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு வள்ளம் இருந்துச்சு. ஊரு பேரு சிப்பித்துறை. வள்ளத்துக்குப் பாய் ஒண்ணு, துடுப்பு நாலு. அந்த ஊரு எளவட்டங்க ஏழு பேரு சேர்ந்து ஒரு மன்றம் வச்சிருந்தாங்க. மன்றம்னா பெருசா ஒண்ணுமில்ல, ஒரு கேரம்போர்டு, ஒரு ரேடியோ, அம்புட்டுத்தான். அதுல ஒருத்தி பிலோமி. அவ வாயும் ஓயாது, கையும் ஓயாது.

அப்போ, அந்த ஊருக்குத் தெக்க செம்மணல் கரைன்னு ஒண்ணு இருந்துச்சு. ஆளு கிடையாது, வீடு கிடையாது, குடிக்கச் சொட்டுத் தண்ணி கிடையாது. செக்கச்செவேல்னு மணலு மேடு மேடா கெடக்கும். காத்து அடிச்சா மேடே எடம் மாறி உக்காந்துக்கும். "அங்க என்னதான் இருக்குன்னு பாத்துட்டு வந்துருவோம்"னு ஏழு பேரும் கெளம்பிட்டாங்க.

பிலோமியோட அம்மாவுக்கு அனுப்ப மனசே இல்ல. ரெண்டு குடம் நெறைய தண்ணி கொண்டாந்து வள்ளத்துல வச்சா. "ஏட்டி, தண்ணி உன் பொறுப்பு. ஏழு பேரும் நல்லபடியா திரும்புறது இதுலதான் இருக்கு"ன்னா. "எல்லாம் எனக்குத் தெரியும்மா"ன்னா பிலோமி. தெரியுமாம்! ம் கொட்டு.

அப்புறம் விடிஞ்சும் விடியாம பாய் விரிச்சாங்க. சளக் சளக்னு அலை, படபடன்னு பாய். ஒரு குடம் வழியிலயே தீந்துபோச்சு. அதுல பாதி, ஏழு பேர்ல ஒருத்தனான தொபியாஸ் குடிச்சது. கடக்கரையில பொறந்த புள்ளை, அலையில ஏறினா வாந்தி! உவ்வே உவ்வேன்னு வழி நெடுக எடுத்துக்கிட்டே வந்தான், பாவம்.

வெயில் உச்சிக்கு வர்றப்போ வள்ளம் கரை தட்டுச்சு. டொம்! இங்கதான் நல்லா கேக்கணும். சிப்பித்துறையில ஒரு வழக்கம் உண்டு. வள்ளம் கரை தொட்டதும், மிச்சமிருக்கிற நல்ல தண்ணிய வள்ளத்தோட மூக்குல, அதான் முன் நுனியில, ஊத்துவாங்க. நாளெல்லாம் உப்புல கெடந்து எங்களைக் கொண்டாந்து சேத்தியே ஆத்தா, கொஞ்சம் குளிர்ந்துக்கோன்னு அர்த்தம். சொந்த ஊருல ஊத்தலாம், வீட்டுப் பானையில வேற தண்ணி இருக்கும். பிலோமிக்கு அஞ்சு வயசுலருந்து அவ அப்பா வள்ளத்துக்கு ஊத்திப் பழகின கை. கரை தட்டுச்சா, குதிச்சா. குடத்தைத் தூக்கினா. கொடகொடகொடன்னு மொத்தத்தையும் மூக்குல கவுத்துட்டா! அதுக்கு மேல ஒரு கும்பிடு வேற.

கும்பிட்டு நிமிர்ந்தா, ஆறு பேரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்காங்க.

"ஏ பிலோமி, இது நம்ம ஊரு இல்ல"ன்னான் பாய் பிடிக்கிற ராயப்பன்.

பிலோமி காலிக் குடத்தைக் கவுத்துப் பாத்தா. "இப்பவே திரும்பிரலாமா?"ன்னு கேட்டா.

"காத்து கரையப் பாத்து அடிக்குது. பொழுது சாயாம வள்ளம் நகராது"ன்னான் அவன்.

அப்போ தொப்புனு ஒரு சத்தம். தொபியாஸ் மணல்ல விழுந்துட்டான். உதடு வெடிச்சிருக்கு, பேச்சு இல்ல. வாந்தி எடுத்தவனுக்கு உள்ள தண்ணி நிக்கலைன்னா என்ன ஆகும்? அவனைப் பாய் நெழல்ல படுக்க வச்சாங்க. யாரும் பிலோமியத் திட்டல. திட்டியிருந்தாக்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

அவ துடுப்பை எடுத்து அலையோரமா தோண்டினா. சரக் சரக். தண்ணி வந்துச்சு. நாக்குல வச்சா உப்பு! தூ!

அப்புறம் மேட்டுல நின்ன ஒத்தப் பனையடியில தோண்டினா. சரக் சரக். கொதிக்கிற மணல்தான் வந்துச்சு, ஈரமே இல்ல. உள்ளங்கை கொப்புளிச்சுப்போச்சு.

மூணாவதா எங்க தோண்டுறதுன்னே தெரியல. மேட்டுக்கு அந்தாண்ட இறங்கி, குந்தி உக்காந்து அழுதா. அழுதுக்கிட்டே பாத்தா, மணல்ல குட்டிக்குட்டியா காலடி. கௌதாரிக் காலு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டமே ஒரே பக்கமா நடந்திருக்கு. என்ன, தூங்கிட்டியா? ஆங், "ம்" வந்துருச்சு, சரி.

பிலோமி அந்தக் காலடியப் பிடிச்சுக்கிட்டே போனா. பள்ளத்துல காஞ்ச பனையோலை ஒண்ணு, மேல கல்லு பாரம். ஓலையோரத்து ஈரத்தை நாலு கௌதாரி கொத்திக்கிட்டு நின்னுச்சு. இவளைப் பாத்ததும் விர்ர்ருன்னு பறந்துருச்சு. கல்லை நகத்தி ஓலையத் தூக்கினா... ஊத்து! யாரோ தோண்டி வச்ச ஊத்து. மணல் மூடாம ஓலை போட்டு, மொண்டு குடிக்க ஒரு தேங்காச் சிரட்டையும் கவுத்து வச்சிருக்காங்க. தண்ணி அடியில பளபளன்னு நிக்குது.

ஒரு வாய் குடிச்சுப் பாத்தா. நல்ல தண்ணி! "லே ராயப்பா, குடத்தைக் கொண்டா!"ன்னு கத்தினா பாரு, அந்த மேடே இடிஞ்சிருக்கும்.

தொபியாஸுக்குச் சொட்டுச் சொட்டா ஊட்டினாங்க. பொழுது சாயுறப்போ கண்ணைத் தொறந்தான். தொறந்ததும் கேக்கான், "ஊருக்கு நடந்து போக வழி இல்லையா?"ன்னு. அப்பத்தான் எல்லாருக்கும் சிரிப்பே வந்துச்சு.

கெளம்புறதுக்கு முன்னாடி ஊத்தை ஏழு பேருமா சேர்ந்து இன்னும் ஆழமாத் தோண்டினாங்க. புது ஓலை வெட்டிப் போட்டு, கல்லு வச்சு, சிரட்டையக் கழுவிக் கவுத்தாங்க. "யாரு வச்சதுன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடலாம்"னான் ராயப்பன். "மூடி வச்சுட்டோம்ல, அதான் கும்பிடு"ன்னா பிலோமி.

மறுநாள் விடியறப்போ சிப்பித்துறையில கரை தட்டுச்சு. டொம்! பிலோமியோட அம்மா மணல்லயே உக்காந்திருந்தா. பிலோமி குடத்தைத் தூக்கி வள்ளத்து மூக்குல ஊத்தினா. இந்தத் தடவை முழுசா ஊத்தல. கையளவு நிறுத்தி, அம்மாகிட்ட நீட்டினா.

அம்மா குடிச்சுப் பாத்தா. "இது நான் குடுத்துவிட்ட தண்ணி இல்லையே. என்னமா இனிக்குது! யாரு குடுத்தா?"

"தெரியலம்மா"ன்னா பிலோமி. சொல்லி முடிக்கல, ஓன்னு அழுகை. நடந்தது எல்லாத்தையும் ஒண்ணு விடாம கொட்டிட்டா.

அம்மா அவ தலையத் தடவிக்கிட்டே, "யாரு பெத்த புள்ளையோ, என் புள்ளைக்குத் தண்ணி வச்சிருக்கு. அது எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்"னு தெக்க பாத்துக் கும்பிட்டா.

என்ன, "ம்" சத்தத்தையே காணோம்? அட, கை மட்டும் எங்க போகுது? டொக்! செம்பை மூடிட்டியா? நீ நல்லா இருப்ப மக்கா. வள்ளம் கரையேறியாச்சு, கதையும் கரையேறியாச்சு, நீயும் கண்ணை மூடு.