மண்ணுக்குள் அரைக்கும் சத்தம்

மலையடிவாரத்தில் தணிகாசலத்துக்குப் பதினொரு ஏக்கர் நிலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. தன் மண்ணின் வரலாற்றை அடிவரைக்கும் பார்த்துவிட வேண்டும். பழைய பத்திரங்களைத் தேடினார். ஓலை படிக்கக் கற்றுக்கொண்டார். கடைசியில் மண்ணையே தோண்டிவிட்டார். ஆளுயர ஆழத்தில் ஒரு முதுமக்கள் தாழி கிடைத்தது. அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூடவே இன்னொன்றும் தொடங்கியது. மதியம் வேப்பமர நிழலில் கண் செருகும்போதெல்லாம், குழிக்குள் யாரோ அரைக்கிற சத்தம் கேட்டது. வெயில் மங்கி, மரங்கள் மிதக்கிற மாதிரி இருக்கும். வளையல் குலுங்கும். எழுந்து பார்த்தால் குழி வெறுமனே கிடக்கும்.

சந்தேகம் எதுவானாலும் அவர் போய்க் கேட்கிற குரு வீராயி அம்மா, அவரைவிட எட்டு வயது இளையவர். ஒரு காலத்தில் தெருத்தெருவாகப் போய் அம்மி கொத்தியவர். இப்போது ஓடைக்கு அக்கரையில் ஒரு குடிலில் தனியாக இருந்தார். கலெக்டரே வந்தாலும் 'நீ'தான். தணிகாசலம் அவரிடம் போய் நின்றார்.

"அம்மா, தாழியில கிடக்கிறவங்க என்னைக் கூப்பிடறாங்க. அவங்க என் முன்னோர்தானே?"

அந்த ஒரு 'ஆமாம்' போதும் அவருக்கு. இந்த மண்ணில் தனக்கு மூவாயிரம் வருஷத்து வேர் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

"அரைக்கிற வாசனை வருதா?"

"வருதும்மா. காஞ்ச மிளகாய்."

அம்மா சிரித்தார். "மிளகாய் கப்பலேறி நம்ம ஊருக்கு வந்தே ஐந்நூறு வருஷம் இருக்குமா? படிச்சவன் நீ, உனக்குத் தெரியாதா?"

அம்மா எழுந்து அவருடன் குழிக்கு நடந்தார்.

குழியின் சுவரில் மண் அடுக்கடுக்காகத் தெரிந்தது. மேலிருந்து இரண்டடியில், ஒரு சாண் கனத்துக்குக் கறுப்பு ஓடியது.

"இது என்ன?"

"சாம்பல். அது நேத்து வந்ததும்மா. கீழே பாருங்க, தாழி..."

"நேத்துன்னா?"

"நாப்பது வருஷம் இருக்கும். நாலு குடிசை இருந்துச்சு. தீப்பிடிச்சுருச்சு."

"பிடிச்சுதா?"

எல்லா அடுக்கையும் அளந்து நோட்டில் எழுதிய தணிகாசலம், இந்த ஒரு சாணை மட்டும் எழுதவில்லை. யார் வைத்த தீ என்று அவருக்குத் தெரியும். அன்று அவர் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றார்.

தோண்டி எடுத்தவற்றையெல்லாம் கொட்டகையில் அடுக்கி, சீட்டு ஒட்டியிருந்தார். அம்மா மெல்லப் பார்த்துக்கொண்டே போய் ஒரு கல்லின் முன்னால் நின்றார். 'பழங்கால அரைகல், மூவாயிரம் ஆண்டு' என்று சீட்டு சொன்னது. முதல் நாளே, அந்தச் சாம்பலோடு வெளியே வந்த கல் அது. எப்படியோ தாழி கிடைத்த கடைசி நாள் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

அம்மா உட்கார்ந்து, முந்தானையால் கல்லைத் துடைத்தார். உளி கொத்திய புள்ளிகள் எழும்பின. மூலையில் சின்னதாக ஒரு மீன். வால் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"எங்க ஆத்தா கொத்துற அம்மிக்கு மீன் போடுவா. அன்னிக்கு என்னையப் போடச் சொன்னா. உளி சறுக்கிருச்சு. வீட்டுக்காரி திட்டல. 'கோணல் மீன்தான் நல்லா நீந்தும்'னு சொல்லி, கம்மங்கூழ் ஊத்தினா. செல்லின்னு பேரு."

வெளியே மதியம் அசையாமல் கிடந்தது. வீடு மாறிப் போகிறவர்கள் எதை விட்டாலும் அம்மியை விட மாட்டார்கள் என்று தணிகாசலத்துக்குத் தெரியாதா என்ன.

மெல்லக் கேட்டார்.

"அப்போ இந்தக் கல்லுக்கு என்ன வயசும்மா?"

"கல்லு வயசு எனக்குத் தெரியாது. செல்லிக்கு எழுபத்திரண்டு. இந்தக் கரட்டு மலைக்கு அந்தப் பக்கம் மக வீட்டுல இருக்கா. தூக்கிட்டுப் போய்க் கேளு."