மணிக்கு ஆறு நெல்லிக்காய்

ஆறு வளைந்து போகும் ஒரு காட்டில், வளை தோண்டி வாழும் பிராணிகளுக்கு ஒரே கவலை. மழைக்காலத்தில் வெள்ளம் வரும். எந்த நாளில் வரும் என்று தெரியாது. குட்டிகளை முன்கூட்டியே பாறைமேல் கொண்டுபோய் வைக்கலாமென்றால், அங்கே கழுகு இருந்தது. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் குட்டி மிஞ்சாது.

தவளைகள் நாற்பது வருடத்து மழையைக் குறித்து வைத்திருந்தன. அதைக்கொண்டு வெள்ளம் வரும் நாளைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அத்தனை பெரிய கணக்குக்கு ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் உயர்ரக கிராபிக்ஸ் பிராசசர் வேண்டும். அது மேகத்தில், அதாவது கிளவுடில், வாடகைக்குக் கிடைக்கும். மேகம் என்பது பேச்சுக்குத்தான்; மலைக்கு அப்பால் குகைகளில் அது சூடாக உறுமிக்கொண்டிருந்தது.

எல்லாம் சேர்ந்து இருநூறு நெல்லிக்காய் திரட்டி முள்ளம்பன்றியிடம் கொடுத்தன. அது கஞ்சன் என்று பெயர் எடுத்திருந்தது. அதனால்தான் கொடுத்தன.

முள்ளம்பன்றி குகை குகையாக ஏறி இறங்கியது. கேட்ட விலையையெல்லாம் இலைகளில் எழுதி முதுகு முட்களில் குத்திக்கொண்டது. மூன்றாம் நாள் பார்த்தவர்கள் புதர் நடந்து வருகிறது என்று ஒதுங்கினார்கள்.

“மணிக்கு அறுபது. மூணு மணி நேரத்துல முடிஞ்சிரும். நடுவுல யாரும் கை வைக்க மாட்டாங்க” என்றது ஒரு குகையை நடத்திய யானை.

“அறுபதா! என்ன அண்ணே, பகல் கொள்ளையா இருக்கு?”

இன்னொரு குகையில் நரி பல்லைக் காட்டியது. “அதே பிராசசர்தான், மணிக்கு ஆறு. ஆனா வேற யாராவது கூடக் குடுத்தா அந்த நிமிஷமே எடுத்துக் குடுத்திருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

நரி பொய் சொல்லவில்லை. முள்ளம்பன்றிக்கோ ‘ஆறு’ மட்டும்தான் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை கணக்கு தொடங்கியது. இரண்டு மணி நேரம் ஓடியதும் மயில் வந்தது. தன் தோகையைப் புதுப்புது நிறங்களில் படம் போட்டுப் பார்க்க வேண்டுமென்று கூடுதல் விலை கொடுத்தது. போட்ட கணக்கு அத்தனையும் போயிற்று. முள்ளம்பன்றி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி இரண்டு மணி நேரம், மறுபடி மயில்.

நான்கு குட்டிகள் பெற்றிருந்த தாய்முயல் பொறுக்க மாட்டாமல் வந்தது. “அண்ணே, போட்ட வரைக்கும் எங்கயாவது பத்திரப்படுத்தி வெச்சா, விட்ட இடத்துல இருந்து தொடரலாமே?”

“அந்த இடத்துக்குத் தனி வாடகை, மணிக்கு ஒண்ணு. நான் என்ன ஏமாளியா?”

“அப்ப இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு ஆச்சு?”

“மொத்தத்தை விடும்மா. மணிக்கு ஆறு! அதைப் பாரு.”

பதினைந்து முறை கணக்கு அறுந்தது. நூற்றெண்பது நெல்லிக்காய் தீர்ந்தது. யானை கேட்டதும் அதே நூற்றெண்பதுதான். இது முள்ளம்பன்றிக்கும் புரிந்தது. அன்று அது சாப்பிடவில்லை. மீதி இருபதைக்கொண்டு பதினாறாம் முறை தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை விடியும்போது வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவரவர் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடினார்கள். முள்ளம்பன்றியும் அதன் இரண்டு குட்டிகளும், முயலும் அதன் நான்கு குட்டிகளும் ஒரு கரையான் புற்றின்மேல் சிக்கிக்கொண்டன. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

நரியிடமிருந்து ஒரு மைனா பறந்து வந்தது. “கணக்கு முடிஞ்சிருச்சு! வெள்ளம் செவ்வாய்க்கிழமை காலையில வருமாம்!”

முயல் தன் குட்டிகளை எண்ணிப் பார்த்தது. அதன் முகத்தைப் பார்க்க முள்ளம்பன்றிக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது யானை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து முதுகைக் காட்டியது. “ஏறுங்க. நீ மட்டும் முள்ளை மடக்கிக்கோ.”

முள்ளம்பன்றியின் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. “மணிக்கு எவ்வளவு, அண்ணே?”

யானை அதை ஒரு கணம் பார்த்தது. “கரை சேர எவ்வளவுன்னு கேளுடா.”

“கரை சேர எவ்வளவு, அண்ணே?”

“ஒண்ணுமில்ல. ஏறு.”

நீதி: மணிக்கு என்ன விலை என்று கேட்டு நிறுத்தாதே, வேலை முடிய என்ன விலை என்று கேள்.