ஒருவேளைக்கு எடுத்துவைத்த கிழங்கு

ஆற்றங்கரைக் காட்டில் சடைச்சி என்று ஒரு கரடி இருந்தாள். பெரிய மனசு, அதைவிடப் பெரிய வாய்! அவளுக்குக் கூட்டாளி ஊசியப்பன் என்கிற முள்ளம்பன்றி. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாப்பாட்டு மெஸ் தொடங்கத் திட்டம் போட்டார்கள்.

சடைச்சி மணலில் நகத்தால் கோடு கிழித்தாள். "இதோ பாரு! அக்கரையில கிழங்கு கொட்டிக் கிடக்கு. காலையில போய்த் தோண்டிட்டு வர்றோம். மதியம் நாப்பது பேரு சாப்பிடுறாங்க. சாப்பிட்டவங்க எனக்கு உண்ணி பொறுக்கணும், உனக்கு வளை தோண்டித் தரணும். அடுத்த வருஷம் மேட்டுக்காட்டுல இன்னொரு மெஸ்!"

"எல்லாம் சரி. ஒருவேளை ஆத்துல வெள்ளம் வந்துட்டா?"

"வாயைக் கழுவு! நல்ல காரியம் பேசும்போது என்ன பேச்சு இது?" சடைச்சி காதைப் பொத்திக்கொண்டாள்.

நம்மிடமும் இந்தப் புத்தி உண்டுதானே! கெட்டது நடந்தால் என்ன செய்வது என்று கேட்டால், கேட்டவன் வாய்தான் கெட்ட வாய். பாவம், ஊசியப்பன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"வெள்ளத்தைப் பத்தி நான் பேசவே இல்ல, தாயே. ஒருவேளைக்குன்னு கொஞ்சம் தனியா எடுத்து வைப்போம், அவ்வளவுதான்."

"ஒரு வேளைக்கா? அதுக்கென்ன, வச்சாப் போச்சு!"

மெஸ் ஓடியது. அடேயப்பா, என்ன ஓட்டம்! காட்டுப்பன்றியும் பெருச்சாளியும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. நாச்சி என்கிற மந்தி மட்டும் ஓரமாக வந்து உட்காருவாள். கை ஒடிந்தவள், மரமேற முடியாது. மடியில் பால் குடிக்கும் குட்டி.

"இந்த மெஸ் இல்லாட்டி என் பிள்ளைக்குப் பாலே ஊறாதுக்கா," என்பாள். சடைச்சிக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் மேற்கு மலையில் மழை கொட்டியது. காட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆனால் முழங்காலளவு ஓடிய ஆறு, விடிந்து பார்த்தால் செக்கச்செவேலென்று இரு கரையும் தொட்டு ஓடியது.

"பயப்படாதீங்க, எடுத்து வச்சிருக்கோம்!" என்று சடைச்சி பந்தி போட்டாள். சேமிப்பு அந்த மதியத்தோடு காலி. மறுநாளும் வெள்ளம் வடியவில்லை.

"மிச்சம் எங்கே?" என்றான் ஊசியப்பன்.

"என்ன மிச்சம்? ஒரு வேளைக்கு வைக்கச் சொன்னே, வச்சேன். ஒரு வேளை சாப்பிட்டாச்சு!"

"அடக் கடவுளே! நான் சொன்னது ஒரு வேளைச் சாப்பாடா? ஒருவேளை ஏதாவது ஆயிட்டா, அதுக்குன்னுல்ல சொன்னேன்!"

காட்டுப்பன்றி, "உங்களை நம்பி வந்தேன் பாரு!" என்று திட்டிவிட்டுப் போய்விட்டது. போக வழியில்லாத நாச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குட்டி அழுதது.

அந்த அழுகை சடைச்சிக்குப் பொறுக்கவில்லை. "நான் நீந்திப் போறேன்!" என்று ஆற்றில் பாய்ந்தாள். தண்ணீர் அவளைப் புரட்டிக் கரையோரம் ஒதுக்கியது. ஊசியப்பன் வேர் ஒன்றில் காலை ஊன்றி, அவள் சடையைப் பல்லால் கவ்விக் கரைக்கு இழுத்தான்.

"நீயும் போயிட்டா யாரு சோறு போடுறது? இந்தக் கரையில என்ன கிடைக்கும்? அதைச் சொல்லு முதல்ல!"

"தெரியாதே! நான் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்கலையே!" என்று சடைச்சி விம்மினாள்.

"அப்ப இப்பப் பார்ப்போம், எழுந்திரு!"

இருவரும் தேடினார்கள். மேட்டில் ஒரு அத்திமரம் பழுத்து நின்றது. சடைச்சி ஏறி உலுக்கினாள். ஊசியப்பன் மூங்கில் குருத்தைக் கடித்து எடுத்தான். நாற்பது பேருக்குக் காணாதுதான். ஆனால் நாச்சிக்குப் போதுமாயிருந்தது, வயிறு காய்ந்த பெருச்சாளிகளுக்கும் போதுமாயிருந்தது. நாலு நாள் அப்படியே ஓட்டினார்கள்.

வெள்ளம் வடிந்ததும் சடைச்சி பழைய திட்டத்தைக் காலால் அழித்தாள். "நீ கேளு, நான் பதில் சொல்றேன்," என்றாள்.

"வெள்ளம் வந்தா?"

"இக்கரையில பாதி, அக்கரையில பாதி எடுப்போம்."

"ரெண்டும் இல்லேன்னா?"

"பத்து நாளுக்குக் காயவச்ச கிழங்கு இருக்கும்."

"உனக்குக் காய்ச்சல் வந்தா?"

'வாயைக் கழுவு' என்று சொல்லச் சடைச்சிக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, "பெருச்சாளிங்களைத் தோண்டப் பழக்கிவிடணும்," என்றாள். மேட்டுக்காட்டு மெஸ் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

மறுநாள் மெஸ் திறந்தது. யாராவது வருவார்களா என்று சடைச்சி வழியையே எட்டி எட்டிப் பார்த்தாள். நாச்சிதான் முதல் ஆளாக வந்தாள். குட்டி மடியை விட்டு இறங்கிப் பந்தியில் தனியாக உட்கார்ந்தது.

"இன்னையிலேருந்து இவனுக்கும் ஒரு இலை போடுக்கா!" என்றாள் நாச்சி.

தொழில் தொடங்குகிறவர்கள் எல்லாம் நல்லபடி நடந்தால் என்ன கிடைக்கும் என்று மட்டும் பார்க்காமல், நடக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிட வேண்டும்.