ஒரு கேன் டீசல்

விடை தெரியும் என்று அவசரப்பட்டுக் கையைத் தூக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாடெங்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்த சமயம். பெரிய ஊர்களில் தொட்டி நிறைய டீசல் இருந்தும் பங்க் குழாயில் சொட்டு வரவில்லை. கம்ப்யூட்டர் சொன்னால்தானே அது ஊற்றும்! இந்த வினை தங்கள் கரைக்கும் வரும் என்று புன்னைத்துறை மீனவர்கள் பயந்தார்கள். கரண்ட் போனால் குடிதண்ணீர் மோட்டாரை டீசலில்தான் ஓட்ட வேண்டும். ஆகவே ஆளாளுக்குத் தம் வள்ளத்து டீசலைக் கொண்டுவந்து ஊற்றி, ஒரு பேரலை நிரப்பினார்கள். பூட்டுச் சாவி ஊர்த்தலைவர் தொம்மையிடம்.

தஸ்நேவிஸ் என்ற மீனவனிடம் இருந்ததே இரண்டு கேன். கடலுக்குப் போக ஒன்று, ஊர் திரும்ப ஒன்று. அதில் ஒன்றைப் பேரலில் ஊற்றிவிட்டு வள்ளத்தைத் தள்ளினான்.

"திரும்பையில துறைமுகம்தான் கிட்டம், அதுவரைக்கும் ஒரு கேன் காணும். மீனை அங்க வித்துட்டு, அங்கயே டீசல் போட்டுட்டு வாரேன்," என்றான் மனைவி எப்சியிடம்.

அன்றைக்கே எல்லாம் நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை, பஸ் இல்லை. மறுநாளும் தஸ்நேவிஸ் வரவில்லை. எப்சி தொம்மை வீட்டு வாசலில் வந்து விழுந்தாள்.

"அண்ணாச்சி, பேரலைத் திறங்க! அவரு டீசல் இல்லாம நடுக்கடல்ல கெடக்காரு!"

தொம்மை பேரல் சாவியை மடியில் செருகிக்கொண்டார். "புள்ளைக தண்ணிக்கு என்னம்மா செய்ய? இது ஊருக்குள்ளது."

"அப்ப அவரு ஊத்துன கேனையாவது தாங்க. அது எங்களுது!"

கொடுக்காவிட்டால் இவள் பழி, எல்லாவற்றையும் கொடுத்தால் ஊர்ப் பழி. தொம்மை ஒரே ஒரு கேன் அளந்து கொடுத்தார். நல்ல தீர்ப்பு என்றது ஊர்.

"அழாதீங்க மைனி, நான் போறேன்," என்று கேனைத் தூக்கினான் தஸ்நேவிஸின் தம்பி கில்பர்ட்.

"திரும்பி வர இது காணாதுலே," என்றார்கள் ஊர்க்காரர்கள்.

"தெரியும். அண்ணன் கடல்ல கெடக்கையில நான் கரையில எப்படி நிக்க?"

ஒருவரும் அவன் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அவன் தன் வள்ளத்தைக் கடலில் தள்ளினான்.

அடுத்த நாள் கரையோரமாக நடந்தே வந்து சேர்ந்தான் தஸ்நேவிஸ். துறைமுகத்தில் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறான். வள்ளத்துக்கு டீசல் இல்லை, சொல்லியனுப்பவும் வழியில்லை. கில்பர்ட் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

குறைந்த டீசலோடு கிளம்பிய தஸ்நேவிஸா, அவன் சொன்னதைப் பயத்தில் மறந்த எப்சியா, தெரிந்தே போன கில்பர்ட்டா, அளந்து கொடுத்த தொம்மையா? அந்த உயிருக்கு யார் பொறுப்பு? இப்போது சொல்லுங்கள்.

விடை: தொம்மை. தஸ்நேவிஸ் போகுமிடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனான். எப்சிக்குப் புருஷன், கில்பர்ட்டுக்கு அண்ணன். அவர்கள் பதறாமல் என்ன செய்வார்கள்? நிதானமாக யோசித்திருக்க வேண்டியவர் தலைவர். முடியாது என்றிருந்தால் கில்பர்ட் கரையில் இருந்திருப்பான். வேண்டிய மட்டும் கொடுத்திருந்தால் தேடிவிட்டுத் திரும்பியிருப்பான். இரண்டு பழிக்கும் பயந்து, போவதற்கு மட்டும் போதுமான டீசலைக் கொடுத்தார். ஊர் அதைத்தான் நல்ல தீர்ப்பு என்றது. ஆண்டவரே, அந்தக் கூட்டத்தில் நாம் நின்றிருந்தாலும் அப்படித்தானே சொல்லியிருப்போம்!